பேச்சியின் பதிமூன்றாவது கேள்வி

1

மஸ்கட்டுக்கு வந்து இந்த மாதத்தோடு பன்னிரண்டு வருடம் முடிகிறது. இன்று வெள்ளிக்கிழமை, எனக்கு விடுமுறை. காலையிலேயே என் மனைவி பேச்சியம்மாள் உளுந்து ஊறப்போட்டு வடை சுட்டாள். பன்னிரண்டு வருடத்தைக் கொண்டாடத்தான் என்று நினைத்து, உரிமையோடு ஆறு வடை தின்றேன். தின்ற வடைக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்தில் இருக்கும் நீங்கள் ஒவ்வொரு லீவிலும் என்னை வழிமறித்துச் சில கேள்விகள் கேட்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதிவிட்டால், அடுத்த முறையாவது கிழக்கேகோட்டை வரை நிற்காமல் நடந்து போய் ஒரு சாயா குடித்துவிட்டு வரலாம் என்பது என் ஆசை.

சூடு எப்படி? சூடுதான். கோடையில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். மொட்டைமாடித் தொட்டிதான் எங்களுக்கு அடுப்பு. சோறு கிடைக்குமா? கிடைக்கும், நம் சிவப்புப் புழுங்கலரிசியே கிடைக்கும். அரபி தெரிய வேண்டுமா? எனக்கு 'தண்ணீர்', 'உடைந்துவிட்டது', 'நாளைக்கு' என்ற மூன்றும் தெரியும். குழாய் வேலைக்காரனுக்கு இது தாராளம். எப்போ வந்தீங்க, எப்போ திரும்பிப் போறீங்க? இதை மட்டும் தயவுசெய்து ஒரே மூச்சில் கேட்காதீர்கள். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் திரும்பிப் போகும் நாளைக் கேட்டால் மனசு என்னவோ செய்கிறது.

இதெல்லாம் சும்மா கேள்விகள். வெளிநாட்டு வேலைக்குப் போகும் ஒருவன் கேட்க வேண்டிய கேள்விகளை நான் போகும்போது நானே கேட்கவில்லை. கேட்டவள் இப்போது அடுப்படியில் இரண்டாவது ஈடு வடை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

2

தொண்ணூற்று மூன்றில் நாங்கள் ஸ்ரீவராகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். நான் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் இந்த நகரத்துக்கு வந்து பிளம்பிங் கற்றவன். அக்ரஹாரத்து வீடுகளில் குழாய் ஒழுகினால் மாமிகள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பேச்சி பக்கத்து அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மத்தியானக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். எட்டாவது வரை படித்தவள். எங்கள் மகள் செல்விக்கு அப்போது ஒரு வயது.

தம்பானூரில் ஒரு மாடியில் ஏஜென்ட் ஆபீஸ். அவர் பெயர் இங்கே வேண்டாம், ஏஜென்ட் சார் என்றே இருக்கட்டும். மஸ்கட்டில் ஒரு கம்பெனிக்குப் பிளம்பர் வேண்டும் என்று கேள்விப்பட்டு நான் போனேன். குழாய் மரை போட்டுக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன், தேர்வாகிவிட்டேன். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வரப் போன அன்று பேச்சியும் கூட வந்தாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. இடுப்பில் பிள்ளையோடு நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டு கேள்விகள் எழுதி வைத்திருந்தாள்.

எனக்கு உயிர் போய்விட்டது. வேலை கொடுக்கிறவரிடம் போய்க் கேள்வி கேட்பதா? மேஜைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"ஒண்ணாவது, என்ன வேலைன்னு பேப்பர்ல எழுதித் தருவியளா? ரெண்டாவது, ஒரு ரூம்ல எத்தன பேரு? மூணாவது, மேலுக்குச் சொகமில்லன்னா யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவா?"

ஏஜென்ட் சார் மலையாளி. சாலைத் தெருக் கடைக்காரர்களிடம் பழகிய தமிழ் பேசுவார். "எந்தா சேச்சி, இது பரீட்சையோ? இத்ர பேரை அனுப்பியாச்சு, ஒருத்தரும் இத்ர கேள்வி கேட்டதில்லையே" என்று சிரித்தார்.

"கேக்காமப் போனவங்கள நான் அனுப்பல. இவியளத்தான் அனுப்புதேன்" என்றாள் பேச்சி.

ஏழாவது கேள்வியை மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நானும் பிள்ளயும் அங்க போயி இவியகூட இருக்க முடியுமா? எப்ப?"

அவர் சிரிப்பதை நிறுத்தினார். "லேபர் விசான்னா ஃபேமிலிக்கு சான்ஸ் இல்லா சேச்சி. பிளம்பர்னா டெக்னீஷியன்தானே, மூணு நாலு வருஷம் கழிஞ்சா கிட்டும்." பேச்சி அந்தப் பதிலை எழுதி, 'பிளம்பர்' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள்.

ஒன்பதாவது கேள்வியை எழுதாமல் விடத்தான் நினைத்தேன். ஆனால் பிறகு வரப்போவதற்கு அது வேண்டும். அவள் எழுதியிருந்தபடியே தருகிறேன்: 'இவர் பயங்கரமாகக் குறட்டை விடுவார். கூடப் படுப்பவர்கள் சண்டைக்கு வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்?' அதை அவள் சத்தமாக வாசித்தபோது அந்த அறையில் காத்திருந்த ஏழெட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

3

விசா நகல் வந்தது. டிக்கெட் நாளும் குறித்தாகிவிட்டது. நம் ஊரில் ஒருவன் கடல் தாண்டப் போகிறான் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருத்தர் தன் மச்சானுக்கென்று நேந்திரங்காய் உப்பேரி கொடுத்தார். மச்சான் இருப்பது துபாயில், நான் போவது மஸ்கட் என்றேன். "எல்லாம் கள்ஃப்தானே, பாத்தாக் கொடுத்திரு" என்றார். அக்ரஹாரத்துக் கோமதி மாமி ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் கொடுத்து, "அங்க வெந்ததோ வேகாததோ போடுவா, இதப் போட்டுப் பெசஞ்சு சாப்பிடு" என்றார். தெருவே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி வழியனுப்பிவிட்டது.

புறப்பட நாலு நாள் இருக்கும்போது பேச்சி விசா நகலை ரவிக்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கேரளத்துப் பள்ளிகளில் அரபி சொல்லிக்கொடுக்க ஒரு முன்ஷி இருப்பார். கஞ்சிப்புரைக்குத் தினமும் வந்து உப்பு பார்த்துவிட்டுப் போகிற மனிதர் அவர். கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு நகலை அவர் முன்னால் விரித்திருக்கிறாள்.

முன்ஷி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாராம். "பேச்சி, இதுல ஆமில்னுதானே எழுதியிருக்கு. ஆமில்னா சாதாரண வேலைக்காரன், கூலி. பிளம்பர்னா சப்பாக்னு இருக்கணும். சப்பாக் இதுல எங்கயும் இல்ல, கேட்டியா."

கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவாமல் வீட்டுக்கு ஓடி வந்தாள். நான் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

"அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றேன்.

"அங்க போயி யாரு பாக்கது? நீங்களா? மலையாளத்துல பஸ் போர்டு வாசிக்கவே என்னத்தான கேக்கிய?"

மறுநாள் காலை அவள் முன்னால் நடக்க நான் பின்னால் இழுபட்டுப் போனேன். ஏஜென்ட் சார் கையை விரித்தார். பேப்பரில் எப்படி இருந்தாலும் அங்கே பிளம்பர் வேலைதான் தருவார்கள், பேப்பரைப் பார்த்தா குழாய் மாட்டப் போகிறான் என்றார். வேண்டாமென்றால் க்யூவில் ஆள் நிற்கிறது என்றும் சொன்னார்.

"அப்ப பாஸ்போர்ட்டத் தாங்க" என்று கையை நீட்டினாள் பேச்சி.

நான் அவளைத் தடுத்திருக்கலாம். தடுக்க வாய் வரவில்லை, அவ்வளவு கோபம். பாஸ்போர்ட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள். தம்பானூரிலிருந்து வீடு வரை அவளுக்குப் பத்தடி தள்ளியே நடந்தேன். அன்றிலிருந்து ஒன்பது நாள் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த நாட்களின் அவமானத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. வழியனுப்பப்பட்டவன் ஊரிலேயே திரிந்தால் எப்படி இருக்கும்? வேலைக்குக் கொல்லைப்புறச் சந்து வழியாகப் போய் வந்தேன். அப்படியும் யாராவது பிடித்துவிடுவார்கள். "இன்னும் போகலியா அண்ணா?" விமானம் லேட் என்று ஒரு வாரம் சமாளித்தேன். எந்த விமானம் ஒரு வாரம் லேட்டாகும்? உப்பேரியைத் திருப்பிக் கொடுத்தேன். புளிக்காய்ச்சலைத் திருப்பிக் கொடுக்க முகமில்லாமல் நானே தின்று தீர்த்தேன். கோமதி மாமி வீட்டுக் குழாய் ஒழுகியும் மூன்று தடவை ஆளில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

இதற்குள் என்னோடு தேர்வான விழிஞ்ஞத்து வில்சன் அதே ஆமில் விசாவில் விமானம் ஏறிவிட்டான். என்னைவிட நல்ல பிளம்பர் அவன். போகும்போது வீட்டுக்கு வந்து, "என்னத்தயாவது எழுதிட்டுப் போட்டும் அண்ணா. தொழிலு நம்ம கையிலதானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பேச்சி என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாள் என்றே நம்பினேன்.

பத்தாவது நாள் "கொழம்புல உப்பு இல்ல" என்றேன். அதுதான் சமாதானம். அவள் உப்பை எடுத்து வைத்தாள், அழுதாள், சாப்பிட்டோம். ஆனால் அவள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஏஜென்ட் சார் ஆளனுப்பினார். கம்பெனிக்குப் பிளம்பர் என்ற பெயரிலேயே ஆள் காட்ட வேண்டியிருக்கிறதாம், புது விசா வந்திருக்கிறதாம். பேச்சி அதையும் முன்ஷியிடம் கொண்டு போனாள். "சப்பாக்" என்று அவர் வாசித்தார். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று மூன்று முறை வாசிக்கவைத்து, அந்த எழுத்துக்களைக் கோலம் போடுவது மாதிரி நோட்டில் பார்த்து வரைந்து வைத்தாள். அதற்கு மேலே வேறு மையில் எழுதினாள்: '13. விசாவில் அரபியில் என்ன வேலை எழுதியிருக்கிறது? அரபி தெரிந்த வேறு ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டாயிற்றா?'

4

மஸ்கட் கதை நீளம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு அறையில் எட்டுப் பேர். ஒன்பதாவது கேள்விக்குப் பதில் இரண்டாவது வாரத்திலேயே கிடைத்தது. யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர்களே என் கட்டிலைத் தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டார்கள்.

நாலாவது வருடம் குடும்ப விசாவுக்கு எழுதிப் போட்டேன். கவுண்டரில் இருந்த அதிகாரி என் வேலை அட்டையைப் பார்த்தார். "சப்பாக்?" என்றார். தலையாட்டினேன். டப்பென்று முத்திரை குத்தினார். அந்தச் சத்தத்தை என்னால் மறக்க முடியாது. வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன்.

பேச்சியும் செல்வியும் வந்து இறங்கிய நாள் வில்சனும் என்னோடு ஏர்போர்ட்டுக்கு வந்தான். ஐந்து வயது செல்வி என்னைப் பார்த்து அம்மா பின்னால் ஒளிந்தாள். வில்சன்தான் அவளைச் சிரிக்கவைத்து என்னிடம் தூக்கிக் கொடுத்தான். "எம் பொண்டாட்டி ஸ்டெல்லாவும் இப்படி ஒரு நாளு அந்தக் கதவு வழியா வந்தா எப்படி இருக்கும் அண்ணா" என்றான். அவன் அட்டையில் ஆமில் என்றே இருந்தது. மாற்ற எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்தும் நடக்கவில்லை. இன்றைக்கும் அவன் குழாய் மாட்டுகிறான், இன்றைக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருகிறான். என் சந்தோஷத்தை அவன் முன்னால் முழுதாகக் காட்ட எனக்கு இன்னும் கூச்சம்தான்.

மற்றபடி நாங்கள் நன்றாக இருக்கிறோம், சொல்வதற்கென்ன. நான் இப்போது சூப்பர்வைசர். பேச்சி மீன் மார்க்கெட்டில் மலையாளம், இந்தி, அரபி மூன்றையும் கலந்து அடித்துப் பேரம் பேசுகிறாள், அவளிடம் யாரும் ஜெயிப்பதில்லை. செல்விதான் கையைவிட்டு நழுவுகிறாள். பதிமூன்று வயதில் நாலு பாஷை பேசுகிறாள். தமிழை மட்டும் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். ஊருக்குப் போவோமா என்றால் 'உங்க ஊருக்கா?' என்கிறாள். அது எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

5

போன லீவில் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். செல்வியின் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நகல் வேண்டும், நகலுக்கு நகல் வேண்டும் என்று ஒவ்வொரு ஜன்னலிலும் திருப்பி அனுப்பினார்கள். மூன்று பேருமாகத் தம்பானூரில் ஒரு போட்டோஸ்டாட் கடைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள், இருபத்தைந்து வயதிருக்கும். கையில் மடிப்பு மடிப்பாகக் கசங்கிய இரண்டு தாள்கள். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த செல்வி எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினாள்.

"ஒன்... பது. இவர் ப... பயங்கரமாகக் குறட்டை... அப்பா! இது நீங்கதானே?"

பேச்சி சட்டென்று தாளைப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். நகலுக்கு நகல் எடுத்து எடுத்து எழுத்தெல்லாம் தடித்துப் போயிருந்தது. நான் கிளம்பிய பிறகு, கேட்ட இரண்டு மூன்று பேருக்கு அவள் நகல் கொடுத்திருந்தாள். அதோடு நாங்கள் மறந்துவிட்டோம். தாள் மறக்கவில்லை. பதிமூன்றோடு நிற்காமல் இருபத்திரண்டு வரை வளர்ந்திருந்தது. பதினாலிலிருந்து எல்லாம் வேறு வேறு கையெழுத்து, இரண்டு கேள்வி மலையாளத்தில்.

"இது யாரு எழுதினதும்மா?" என்றாள் பேச்சி.

"ஆரோ ஒரு டீச்சராம் அக்கா. வெளிய போறவங்க வீட்டுல எல்லாம் இது உண்டு. எனக்கு எங்க நாத்தனாரு தந்தா." அந்தப் பெண் சிரித்தாள். "இந்த ஒம்பதாவதுதான் எதுக்குன்னு மனசிலாகல. எங்க வீட்டுக்காரருக்குக் குறட்டையே இல்ல. ஆனா டீச்சர் எழுதினதுக்கு ஒரு காரணம் இருக்கும் அல்லே? அதனால அதயும் கேட்டுட்டேன்."

"காரணம் இந்தா நிக்காரு" என்று பேச்சி என்னைக் காட்டினாள். எந்தப் பள்ளிக்கூடத்தின் கொல்லையில் 'ஏ பேச்சி, கஞ்சி ஆச்சா' என்று அதட்டிக் கூப்பிட்டார்களோ, அங்கே வேலை பார்த்தவளை யாரோ ஊருக்கெல்லாம் டீச்சராக்கிவிட்டார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் சுதா. கழக்கூட்டத்தில் ஐ.டி. பார்க் கட்டிடங்களில் அவள் கணவன் எலக்ட்ரிஷியன். பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். "பதிமூணாவதுல சொன்ன மாதிரி ஒரு முன்ஷிகிட்ட காட்டினேன் அக்கா. விசாவுல லேபர்னுதான் இருக்கு. பாஸ்போர்ட்டத் திரும்ப வாங்கணும்னு சொன்னேன். அவரு எங்கிட்டப் பேசி நாலு நாளாச்சு. அந்தா வெளிய நிக்காரு."

பைக்கில் சாய்ந்து, தெருவைப் பார்த்தபடி ஒருவன் நின்றிருந்தான். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தொண்ணூற்று மூன்றில் நான் கண்ணாடியில் பார்த்த முகம். அவனிடம் போனேன். என்ன சொல்வது என்று யோசித்துப் போகவில்லை.

"தம்பி, வழியனுப்பிட்டாங்களா?"

அவன் திகைத்துப் பார்த்தான். "ஆமா சேட்டா. தெரு முழுக்கப் பார்சல் கொடுத்திருக்கு."

"பார்சலத் திருப்பிக் கொடுத்திரலாம். ஊறுகாய் இருந்தாத் தின்னுரு. நான் என் வீட்டுக்காரிகூட ஒம்பது நாள் பேசாம இருந்தேன். அவ சொன்னதுதான் சரி. அதனாலதான் அவளும் பிள்ளையும் எங்கூட இருக்காங்க. அவ பேச்சக் கேக்காமப் போயிருந்தா, இன்னிக்கும் நான் தனியாத்தான் இருப்பேன். இத இந்தப் பன்னிரண்டு வருசத்துல அவகிட்ட நான் ஒரு தடவகூடச் சொன்னதில்ல."

சொல்லிவிட்டுத் திரும்பினேன். நகல்களைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சி கடை வாசலில் நின்றிருந்தாள். அத்தனையும் கேட்டிருக்கிறாள்.

"இப்ப சொல்லியாச்சுல்லா" என்றாள். அவ்வளவுதான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுதாவின் தாளை வாங்கி, அதன் மூலையில் எங்கள் மஸ்கட் போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். ஆட்டோவில் வரும்போது செல்வி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு, "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். மஸ்கட்டுக்குத் திரும்பியதும் அந்தப் பதிமூன்று கேள்விகளையும் தன் நோட்டில் தமிழிலேயே எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

இவ்வளவு எழுதிய பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனேன். ஏழாவது வடைக்குக் கை நீட்டினேன். பேச்சி தட்டை நகர்த்தினாள்.

"போதும். பன்னெண்டு வருசத்துக்குன்னா நெனச்சிய? காலையில சுதா போன் பண்ணுனா. புது விசா வந்திட்டாம். முன்ஷி வாசிச்சிட்டாராம், எலக்ட்ரிஷியன்னே போட்டிருக்காம்."

தட்டை மூடி என் கையில் கொடுத்தாள். வில்சன் அறைக்குக் கொண்டு போக வேண்டுமாம். அவனுடைய அட்டையை மாற்ற மறுபடியும் எழுதிக் கொடுக்கப் போகிறாளாம், கேள்விகளை எழுதி வைத்திருக்கிறாளாம். இந்த முறை நான் அவள் காலை மிதிக்கப் போவதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.